டால்பின்னா சத்தம் இல்ல

மகாராஷ்டிராவில் விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் டால்பிக்குத் தடை என்று ஒரு செய்தி அடிக்கடி வரும். முதல் தடவை படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. தியேட்டர்ல படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி திரையில் வருமே, அந்த டால்பியையா தடை பண்றாங்க? அது இல்லை. ஊர்வலத்தில் வண்டி மேல் அடுக்கிக் கொண்டு வருகிற ராட்சச ஸ்பீக்கர் செட்டுக்கு அங்கே பேரே டால்பி. நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டியாச்சான்னு நாம கேட்கிற மாதிரி, அங்கே டால்பி வந்தாச்சான்னு கேட்பார்கள்.

நம்ம பக்கமும் கதை ரொம்ப வேற இல்லை. ஹோம் தியேட்டர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வால்யூமைத்தான் திருப்பிக் காட்டுவார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் நல்ல செட். அட்டைப்பெட்டியில் முதுகோடு முதுகு ஒட்டாத ரெண்டு டி எழுத்து இருந்தால் இன்னும் நல்ல செட். நாமளும் தலையாட்டி வாங்கிட்டு வந்துடுவோம்.

ஆனா டால்பி ஒரு மனுஷனோட பேர். ரே டால்பி. அவர் வாழ்நாள் முழுக்க உழைத்தது சத்தத்தைக் கூட்ட இல்லை, இரைச்சலைக் குறைக்க. அந்த யோசனை அவருக்கு உருவான காலத்தில் அவர் வேலை பார்த்தது இந்தியாவில். நாம படிக்கிற சிக்னல் ப்ராசஸிங் பேப்பரில் பாதி விஷயம் அவர் வாழ்க்கையில் கதையாக இருக்கிறது.

படிக்கிற வயசில் ஒரு பெரிய ப்ராஜெக்ட்

ரே மில்டன் டால்பி 1933 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து ஊரில் பிறந்தார். வளர்ந்தது கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ பக்கம். சின்ன வயசில் பியானோ வாசித்தார், கிளாரினெட் வாசித்தார். இது முக்கியம். பிற்காலத்தில் அவர் செய்த சர்க்யூட் எல்லாத்திலும் இசை வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரோட காது இருக்கிறது.

ஸ்கூல் படிக்கும்போதே ஆம்பெக்ஸ் கம்பெனியில் பார்ட் டைம் வேலைக்குப் போனார். அப்போது ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. 1950கள் ஆரம்பத்தில் அவர்கள் கையில் எடுத்த கேள்வி பெரிசு. பாட்டை டேப்பில் பதிய முடியுது. டிவி படத்தைப் பதிய முடியுமா?

பிரச்சனை ஃப்ரீக்வன்சிதான். மனுஷக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போதும். டிவி சிக்னலுக்கு மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வேணும். டேப்பை அவ்வளவு வேகமாக ஓட்டினால் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ரூம் கொள்ளாத அளவுக்கு டேப் தேவைப்படும். ஆம்பெக்ஸ் குழு வேற வழி எடுத்தது. டேப்பை மெதுவாக, வினாடிக்கு 15 அங்குலம் மட்டும் நகர்த்தி, அதைப் படிக்கிற நாலு ஹெட்டையும் ஒரு சக்கரத்தில் மாட்டி நிமிஷத்துக்கு 14,400 சுற்று சுற்ற விட்டார்கள். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் இருந்த அந்தக் குழுவில் மிகச் சின்னவர்களில் ஒருத்தர் டால்பி. சேரும்போது வயசு 19. நடுவில் ராணுவச் சேவைக்குப் போய் வந்து மறுபடியும் அதிலேயே சேர்ந்தார். 1956 ஏப்ரலில் உலகத்தின் முதல் நடைமுறைக்கு உகந்த வீடியோ டேப் ரெக்கார்டர் சிகாகோவில் காட்டப்பட்டபோது அவருக்கு 23. நாம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போடுகிற வயசை அப்போதான் தாண்டியிருந்தார்.

1957ல் ஸ்டான்ஃபோர்டில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் டிகிரி முடித்தார். ஆம்பெக்ஸிலேயே இருந்திருந்தால் வாழ்க்கை செட்டில். அவர் இருக்கவில்லை. மார்ஷல் ஸ்காலர்ஷிப்பில் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்து, எக்ஸ்ரே பற்றி ஆராய்ந்து 1961ல் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் கல்லூரியில் ஃபெல்லோ ஆன முதல் அமெரிக்கரும் அவர்தான். வருங்கால மனைவி டாக்மாரைச் சந்தித்ததும் கேம்பிரிட்ஜில்தான்.

சண்டிகர்

1963ல் யுனெஸ்கோ ஆலோசகராக ரெண்டு வருஷ வேலைக்கு அவர் இந்தியா வந்தார். இடம் சண்டிகரில் இருக்கிற மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம். சிஎஸ்ஐஓ என்றால் நிறைய பேருக்குத் தெரியும், இப்பவும் நம்ம சீனியர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் போடுகிற இடம்தான். 1959ல் தொடங்கின அந்த நிறுவனம் அப்போது ரொம்பப் புதுசு. அறிவியல் கருவிகளை நாமளே வடிவமைத்துச் செய்யணும் என்பதுதான் அதோட நோக்கம்.

ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் டால்பி டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு இந்திய இசைக் கலைஞர்களைப் பதிவு செய்தார். அங்கேதான் ஒரு பழைய எரிச்சல் அவரைப் பிடித்துக்கொண்டது. டேப்பில் எப்பவும் பின்னணியில் ஒரு உஸ்ஸ்ஸ் சத்தம்.

அது எங்கிருந்து வருது? டேப் மேல் பூசியிருப்பது கோடிக்கணக்கான காந்தத் துகள். அந்தத் துகள்கள் ஒரே ஒழுங்கில் இருக்காது. ஹெட்டைக் கடக்கும்போது அந்த ஒழுங்கின்மையே ஒரு சிக்னலாகக் கேட்கும். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா முழங்கினால் அது தெரியாது. வீணையில் ஒரு ஸ்வரத்தை மீட்டி விட்டு அது கரைந்து போகிற கடைசி வினாடியைக் கேட்கணும் என்றால், அங்கே இந்த உஸ் வந்து உட்கார்ந்திருக்கும். நம்ம இசையில் பாதி அழகு அந்தக் கரைகிற இடத்தில்தானே இருக்கு?

இன்னொரு தொல்லை. டேப்பை ஒரு தடவை காப்பி எடுத்தால், பழைய இரைச்சலோடு புது டேப்பின் இரைச்சலும் சேரும். ரெண்டும் சம அளவு என்றால் 3 டெசிபல் ஏறும். ஸ்டுடியோவில் பல டிராக்கைச் சேர்த்து, காப்பிக்கு மேல் காப்பி எடுக்கும்போது இது ஏறிக்கொண்டே போகும்.

ஹை ஃப்ரீக்வன்சியை வெட்டிவிட்டால் உஸ் போயிடும்தான். ஜால்ராவின் கணீர் ஒலியும் சேர்ந்து போயிடும். நோயாளியைக் கொன்று காய்ச்சலைக் குறைக்கிற வைத்தியம் அது. இசையைத் தொடாமல் இரைச்சலை மட்டும் எடுக்கணும். அந்த வழியை அவர் யோசித்துப் பிடித்தது இந்தியாவில் இருந்த நாட்களில்.

ஏத்து, அப்புறம் இறக்கு

அவர் யோசனை சொன்னால் ரொம்ப எளிசாகத் தெரியும். நத்தம் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடிக்கும்போது பக்கத்து டீக்கடை ஃபேன் சத்தம் நமக்குக் கேட்காது. ஹாரன் நின்றால்தான் ஃபேன் கேட்கும். பெரிய ஒலி சின்ன ஒலியை மறைக்கும். இதுக்கு மாஸ்கிங் என்று பேர். அதனால் இசை சத்தமாக இருக்கிற இடத்தில் டேப் இரைச்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். மெல்லிசாக இருக்கிற இடத்தில் மட்டும் ஏதாவது செய்தால் போதும்.

பதியும்போது மெல்லிய ஒலியை மட்டும் தூக்கிப் பதி. சத்தமான ஒலியை அப்படியே விடு. திருப்பிப் போடும்போது, தூக்கின அளவுக்குச் சரியாக இறக்கு. இசை பழைய நிலைக்கே வந்துவிடும். நடுவில் டேப் சேர்த்த உஸ் இருக்கே, அதுவும் கூடவே இறங்கிவிடும். அதை யாரும் தூக்கவில்லை, ஆனா இறக்கம் மட்டும் அதுக்கும் கிடைத்தது. அவ்வளவுதான் தந்திரம்.

இதை முழு ஒலிக்கும் மொத்தமாகச் செய்தால் இரைச்சல் இசையோடு சேர்ந்து ஏறி இறங்குவது காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் டால்பி ஒலியை நாலு ஃப்ரீக்வன்சி பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையாண்டார். கீழே ஒரு டிரம் அடித்தால், மேலே புல்லாங்குழல் பட்டையில் நடக்கிற வேலை கெடாது. கிடைத்த லாபம் சுமார் 10 டெசிபல். இரைச்சலின் பவர் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

1965ல் லண்டன் திரும்பி, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு டால்பி லேபரட்டரீஸ் ஆரம்பித்தார். அந்த முதல் கருவிக்கு டால்பி ஏ என்று பேர். முதல் வாடிக்கையாளர் டெக்கா ரெக்கார்ட்ஸ்.

பேரை வாடகைக்கு விட்டவர்

அடுத்து அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். பிலிப்ஸ் 1963ல் கொண்டு வந்த கேசட்டில் டேப் குறுகல், ஓட்டம் மெதுவு, அதனால் உஸ் ஜாஸ்தி. ஸ்டுடியோ கருவி அதுக்குக் கட்டுப்படியாகாது. 1968ல் டால்பி பி வந்தது. நாலு பட்டை இல்லை, உஸ் அதிகம் இருக்கிற மேல் பக்கத்தை மட்டும் கவனிக்கிற எளிய சர்க்யூட். பேச்சுக்கு மட்டும்தான் லாயக்கு என்று நினைத்த கேசட் இசைக்கும் ஆச்சு.

இங்கே அவர் எடுத்த முடிவு ஒரு பாடம். அவர் நினைத்திருந்தால் சொந்தமாக டேப் டெக் செய்து விற்றிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தொழில்நுட்பத்தை லைசென்ஸ் கொடுத்தார். யார் வேணும்னாலும் செய்யலாம், ஒரு பீஸுக்கு ஒரு சின்னத் தொகை. ஆனா நிபந்தனை உண்டு. கருவி சோதனையில் தேறினால்தான் அந்த ரெண்டு டி சின்னத்தைப் போடலாம்.

காரணம் இருக்கிறது. அவர் முறைக்கு ரெண்டு முனை. பதிகிற முனையில் ஏத்தினது கேட்கிற முனையில் அதே அளவு இறங்கணும். டால்பியில் பதிந்த கேசட்டை டால்பி இல்லாமல் போட்டால் கீச்சென்று இருக்கும். சாதா கேசட்டை டால்பி பட்டனை அமுக்கிப் போட்டால் மந்தமாக இருக்கும். வீட்டில் பழைய கேசட் டெக் இருந்தால் இன்னைக்கே போட்டுப் பார்க்கலாம். சின்னம் என்பது ரெண்டு முனையும் ஒத்துப்போகும் என்கிற வாக்குறுதி. ஃபார்மேட் என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ரெண்டு கோட்டில் நாலு சேனல்

அப்போது சினிமாவின் ஒலி கேவலமாக இருந்தது. ஃபிலிம் ஓரத்தில் ஒளிக் கோடாகப் பதிந்த ஒலியில் இரைச்சல் அதிகம் என்று 1930களிலிருந்தே தியேட்டர்கள் ஹை ஃப்ரீக்வன்சியை வெட்டித்தான் ஓட்டின. வீட்டு ஸ்டீரியோ தியேட்டரை விட நல்லா இருந்த காலம் அது. 1971ல் எ கிளாக்வொர்க் ஆரஞ்ச் படத்தின் ஒலிக் கலவையில் டால்பி ஏ பயன்பட்டது. 1970களின் நடுவில் டால்பி ஸ்டீரியோ வந்தது. இந்த சினிமா வேலையை முன்னின்று நடத்தியவர் அவரோட லேபில் இருந்த அயோன் ஆலன்.

அதில் ஒரு அழகான கணக்கு. ஃபிலிமில் இடம் இருப்பதோ ரெண்டு ஒலிக் கோட்டுக்கு. வேண்டியதோ நாலு சேனல்: இடது, நடு, வலது, பின்னால் சரவுண்ட். நடு சேனலை ரெண்டு கோட்டிலும் சமமாக, ஒரே ஃபேஸில் போட்டார்கள். சரவுண்டை ரெண்டிலும் சமமாக, எதிர் ஃபேஸில் போட்டார்கள். தியேட்டரில் ரெண்டையும் கூட்டினால் நடு கிடைக்கும், சரவுண்ட் அடிபட்டுப் போகும். கழித்தால் சரவுண்ட் கிடைக்கும், நடு அடிபட்டுப் போகும். எட்டாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான். 1977ல் ஸ்டார் வார்ஸ் இந்த ஒலியோடு வந்து ஓடின ஓட்டத்தில் தியேட்டர்கள் வரிசையாக மாறின.

ஹோம் தியேட்டர் பிறந்ததும் இந்தக் கணக்கால்தான். நாலு சேனலும் ரெண்டு கோட்டுக்குள் இருந்ததால், அந்தப் படத்தை ஸ்டீரியோ வீடியோ கேசட்டில் காப்பி பண்ணினாலே சரவுண்ட் உள்ளேயே ஒளிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. பிரித்தெடுக்க ஒரு டீகோடர் மட்டும் போதும். 1982ல் டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தது. 1987ல் வந்த ப்ரோ லாஜிக் நடு ஸ்பீக்கரையும் சேர்த்தது.

1992ல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தோடு டால்பி டிஜிட்டல். ஃபிலிமின் பக்கவாட்டு ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கிற துளி இடத்தில் கட்டம் கட்டமாக டேட்டாவை அச்சடித்தார்கள். ஆறு சேனலை 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் முழுசாக வைத்தால் வினாடிக்கு 4,608 கிலோபிட் வேணும். ஃபிலிமில் கிடைத்தது 320. சுமார் பதினாலில் ஒரு பங்கு. மிச்சத்தை எப்படி விட்டார்கள்? பஸ் ஸ்டாண்ட் ஹாரன்தான் பதில். பெரிய ஒலி மறைக்கிற சின்ன ஒலிக்கு பிட் செலவழிக்காதே. இதை எழுதினது டால்பி தனியாள் இல்லை, அவரோட லேப். ஆனா அடிப்படை அவருடைய பழைய யோசனையின் உறவுக்காரன்தான்.

போட்டியும் வந்தது. 1993ல் ஜுராசிக் பார்க் படத்தோடு வந்த டிடிஎஸ், ஒலியைத் தனி சிடியில் வைத்து, ஃபிலிமில் நேரக் குறியீட்டை மட்டும் அச்சடித்தது. தமிழில் 1995ல் குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ ஒலியோடும், 1996ல் கருப்பு ரோஜா டிடிஎஸ் ஒலியோடும் வந்தன. போஸ்டரில் ஹீரோ பேருக்குப் பக்கத்தில் டிடிஎஸ் என்று போட்ட காலம் நம்ம அப்பா அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

நம்ம ஹாலுக்கு வந்தால்

5.1 என்றால் முழு ஒலி தருகிற அஞ்சு சேனல், கூடவே 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் தருகிற ஒரு பேஸ் சேனல். அந்த ஒன்றுக்குத்தான் புள்ளி ஒன்று. நடு ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே. நாம உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் இடதும் வலதும் தலா 30 டிகிரி. சரவுண்ட் ரெண்டும் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால், 100 முதல் 120 டிகிரிக்குள். ஸ்பீக்கர் காது உயரத்துக்குப் பக்கம் இருந்தால் நல்லது. சப்வூஃபர் எங்கிருந்து அடிக்குதுன்னு காதுக்குச் சரியாகப் பிடிபடாது, அதனால் இடம் அவ்வளவு கறார் இல்லை. ஆனா மூலையில் தள்ளினால் பேஸ் ஊதிப் பெருக்கும்.

நம்ம வீடுகளில் நடப்பது வேற. அஞ்சு ஸ்பீக்கரும் டிவி ஷெல்ஃபில் வரிசையாக, கல்யாண வீட்டுக் குடம் மாதிரி நிற்கும். டிவியிலிருந்து ஹெட்ஃபோன் ஜாக் ஒயர் வரும். அந்த ஒயரில் போவது ரெண்டு சேனல்தான். பெட்டி அதையே அஞ்சு இடத்திலும் திருப்பிச் சொல்லும், அல்லது தானாக ஏதோ பிரித்துக் கொடுக்கும். சின்னம் அட்டைப்பெட்டியில் இருக்கும், வாக்குறுதியின் ஒரு முனை அறுந்து கிடக்கும். படத்தில் 5.1 இருக்கணும், ஆப் அதை அனுப்பணும், டிவியிலிருந்து எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஆப்டிகல் ஒயர் அதைக் கொண்டு வரணும், பெட்டி அதை டீகோட் பண்ணணும். நாலில் ஒன்று போனாலும் வெறும் ஸ்டீரியோ.

நத்தத்தில் பத்துக்குப் பன்னெண்டு ஹாலில் சோஃபா சுவரோடு ஒட்டியிருந்தால் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இருக்காது. அப்போ பக்கச் சுவரில் மாட்டலாம். அதுவும் முடியாதா, நல்ல ஸ்டீரியோ ஜோடி ஒன்றை 30 டிகிரியில் ஒழுங்காக வைத்தாலே தப்பாக வைத்த 5.1ஐ விட நல்லா இருக்கும்.

கடைசி வருஷங்கள்

டால்பி 1976ல் கம்பெனியின் தலைமையகத்தை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றினார். 50க்கு மேல் அமெரிக்கப் பேட்டன்ட், ஆஸ்கார் தொழில்நுட்ப விருதுகள், 1997ல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். 2012ல் ஆஸ்கார் விழா நடக்கிற அரங்கத்துக்கே டால்பி தியேட்டர் என்று பேர் வந்தது. அதே வருஷம் ஒலியைச் சேனலாக இல்லாமல் இடத்தோடு கூடிய பொருளாகப் பதிகிற அட்மாஸ் வந்தது. டிசம்பரில் சிவாஜி 3டி அந்த ஒலியோடு சென்னையில் ஓடியது.

கடைசிக் காலத்தில் அவருக்கு அல்சைமர் நோய் இருந்தது. பிறகு ரத்தப் புற்றுநோயும் சேர்ந்தது. 2013 செப்டம்பர் 12 அன்று சான் பிரான்சிஸ்கோ வீட்டில் இறந்தார். வயசு 80. அவர் விட்டுப்போன சொத்திலிருந்து கேம்பிரிட்ஜின் இயற்பியல் ஆய்வகத்துக்கு 8 கோடியே 50 லட்சம் பவுண்டு போனது. அங்கே புதுக் கட்டடம் அவர் பேரில் நிற்கிறது.

அவர் பேரில் மகாராஷ்டிராவில் வண்டி வண்டியாக ஓடுவது அவர் கழிக்க முயன்ற பொருள். அதை அவரால் தடுத்திருக்க முடியாது. நம்மளால ஒரு சின்ன நியாயம் செய்ய முடியும். அடுத்த தடவை ஸ்பீக்கர் வாங்கப் போனால் வால்யூமை ஏத்தச் சொல்லாதீங்க. படத்தில் யாரும் பேசாத, மியூசிக்கும் இல்லாத ஒரு காட்சியைப் போடச் சொல்லுங்க. மழை விட்டபின் கூரையில் சொட்டுகிற தண்ணி, தூரத்தில் ஒரு நாய். அது தெளிவாக, அது வர வேண்டிய திசையிலிருந்து கேட்டால் பணத்தைக் கொடுங்க.